கடவுச்சொல் மீது விழும் பழி: ஜோர்ஜ்டவுனில் இரண்டு வகை அலுவலகம்

பினாங்குத் தீவின் ஜோர்ஜ்டவுனில், பழைய வணிகத் தெருக்களில் கணினிக்குச் சீக்கிரம் ஓய்வு கிடைப்பதில்லை. லெபோ பாசார் மொத்தக் கடைகளிலும் பெங்காலான் வெல்ட் பக்கத்துச் சரக்கு ஏஜெண்டுகளிடமும் இன்னும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டிருக்கிறது. மூன்று பிரதி பில்லை ஒரே அடியில் அச்சடிக்க அதுதான் வேண்டும். கணக்கு மென்பொருளும் அந்தக் காலத்தது. புதிய விண்டோஸில் ஏறாது. ஆகவே எக்ஸ்பியும் விண்டோஸ் 7உம் மேசையை விட்டு நகர்வதில்லை. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியும், 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியும் மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. முதலாளிக்கு இந்தத் தேதிகளால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. பில் வருகிறது, போதும். (1972இல் பாயான் லெப்பாசில் இண்டெல் ஆலை வந்ததிலிருந்து உலகத்துக்கே சில்லு பொருத்தித் தரும் தீவு இது. பழைய கணினியைத் திறந்து விசிறியைக் கழற்றினால் பல பிராசசர்களின் முதுகில் 'மலாய்' என்று பொறித்திருக்கும். ஊர்ப்பிள்ளை ஊரிலேயே வேலைக்கு வந்தது போல.)

ஒருநாள் காலையில் "பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு" என்று திரை சொல்லும். அப்போதுதான் ஆளைக் கூப்பிடுவார்கள். வந்தவர் வழக்கமாகக் கேட்பது "என்ன பாஸ்வர்ட் போட்டீங்க?" என்பது. கேட்க வேண்டியது வேறு: இந்த அலுவலகத்தில் பெயர்ப் பட்டியலை யார் வைத்திருக்கிறார்கள்?

லெபோ பினாங்கில் செட்டியார் கிட்டங்கிகள் நடந்த காலத்தில் ஒரே கூடத்தில் பல கடைகள் இருக்கும். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு பெட்டகம், ஆளுக்கொரு பேரேடு. பக்கத்து லெபோ பந்தாயில் வங்கிகள். அங்கே எந்தச் சன்னலில் போய் நின்றாலும் பேரேடு ஒன்றுதான். சின்னக் கடைகளில் இருக்கும் 'ஒர்க்குரூப்' வலையமைப்பு கிட்டங்கி வகை. ஒவ்வொரு கணினியும் தன் பட்டியலைத் தானே வைத்திருக்கும். வழக்கறிஞர், கணக்காய்வாளர், கப்பல் ஏஜெண்டு போன்ற சற்றுப் பெரிய இடங்களில் இருக்கும் 'டொமைன்' வங்கி வகை. மாடியிலோ படிக்கட்டுக்கு அடியிலோ ஒரு சர்வர் உட்கார்ந்திருக்கும். யார் உள்ளே வரலாம் என்பதை அது ஒன்றுதான் தீர்மானிக்கும்.

இரண்டிலும் திரை கடவுச்சொல்லையே குற்றம் சாட்டுகிறது. ஒர்க்குரூப்பில் அந்தக் குற்றச்சாட்டு பாதி உண்மை. டொமைனில் பெரும்பாலும் அது பொய். கடவுச்சொல் விசாரணைக்கே வந்திருக்காது. எனவே தேடும் வரிசையும் இரண்டிலும் நேர் எதிர்த்திசையில் போகிறது.

பொதுவானவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். கேபிள் செருகும் இடத்தில் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். கடைவீடுகளின் கனத்த செங்கல் சுவரிலும் மரத்தளத்தின் இடுக்கிலும் பல வருடம் நசுங்கிக் கிடந்த கேபிள் அது. கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் அதற்கு முகவரி கொடுக்க யாரும் கிடைக்கவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு போவது வீண். தமிழ் அலுவலகங்களுக்கே உரிய வம்பு ஒன்றும் உண்டு. விண்டோஸின் சொந்தத் தமிழ் விசைப்பலகையை முதன்மையாக வைத்துவிட்டால் உள்நுழைவுத் திரையும் தமிழிலேயே தட்டச்சு செய்யும். கடவுச்சொல் கட்டத்தில் தெரிவதோ வெறும் புள்ளிகள். ஆங்கில எழுத்தா தமிழா என்று கண்டுபிடிக்க முடியாது. முரசு அஞ்சல் போன்ற செயலிகள் உள்ளே போன பிறகே ஓடத் தொடங்கும் என்பதால் அவற்றால் இந்தத் தொல்லை வராது. சோதிக்க ஒரு சுருக்கு வழி: கடவுச்சொல்லைப் பயனர் பெயர்க் கட்டத்தில் அடித்துப் பாருங்கள். அங்கே எழுத்து கண்ணுக்குத் தெரியும். பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள், பின்னால் கிராணி நிற்கிறார்.

இனி ஒர்க்குரூப். முன்கடைக் கணினியில் இருப்பவர் பின்னறைக் கணினியில் உள்ள கணக்குக் கோப்புறையைத் திறக்கிறார். அவர் யார் என்று சோதிப்பது பின்னறைக் கணினி. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் வருகிற ஆள் பெரும்பாலும் முன்கடைக் கணினியின் முன்னால்தான் உட்கார்ந்து நோண்டுவார். கத்துகிற கணினி அதுதானே.

அன்றாடம் நடப்பது இப்படி. இரண்டு கணினியிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் என்று எப்போதோ யாரோ அமைத்துவைத்தார்கள். முன்கடைக் கணினி, தன்னிடம் ஏற்கெனவே உள்ள பெயரையும் கடவுச்சொல்லையும் ஓசையில்லாமல் நீட்டும். பின்னறையில் அதே ஜோடி இருப்பதால் கதவு கேட்காமலே திறக்கும். வருடக்கணக்கில் யாரும் எதையும் தட்டியதில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலை முன்கடையில் மட்டும் கடவுச்சொல் மாறுகிறது. திங்கட்கிழமை கோப்புறை திறக்கவில்லை. "நான் அந்தக் கம்ப்யூட்டரத் தொடவே இல்ல அண்ணே" என்று அவர் சொல்வது சத்தியம். தொடாததுதான் கோளாறு: பின்னறையிலும் மாற்றியிருக்க வேண்டும்.

இன்னொன்று, கடவுச்சொல்லே இல்லாத கணக்கு. நேராக மேசையில் உட்கார்ந்தால் கேள்வியே இல்லாமல் உள்ளே விடுகிற அதே கணினி, வலையமைப்பு வழியாக வந்தால் விரட்டிவிடும். வெற்றுக் கடவுச்சொல் உள்ள கணக்கைத் தொலைவிலிருந்து பயன்படுத்தக்கூடாது என்பது எக்ஸ்பி காலத்திலிருந்தே இயல்பு அமைப்பு. பூட்டே இல்லாதவருக்குச் சாவி தவறு என்று பதில் வந்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது? ஒரு கடவுச்சொல் வைத்தால் போதும், தீர்ந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் பதிவேட்டுக்குள் புகுந்து அந்தத் தடையையே நீக்கிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும் பழைய கடவுச்சொல் அடுத்தது. 'நினைவில் கொள்' என்ற பெட்டியில் எப்போதோ போட்ட டிக், இன்று தவறான சொல்லைக் கொண்டுபோய்க் கொடுக்கும். 7இல் கண்ட்ரோல் பேனலுக்குள் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து அந்த வரியை அழிக்க வேண்டும். அதன் உடன்பிறப்பு 1219ஆம் எண் பிழை: ஒரே கணினிக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக விண்டோஸ் விடாது. பிரிண்டருக்கு ஒரு பெயரில் தொடர்பு திறந்திருக்க, கோப்புறைக்கு வேறு பெயரில் தட்டினால் இது வரும். நெட் யூஸ் கட்டளையால் பழைய தொடர்புகளை எல்லாம் துண்டித்துவிட்டு மறுபடி போனால் சரியாகும்.

எண்ணிக்கை வரம்பையும் சொல்ல வேண்டும். எக்ஸ்பி புரொபஷனல் ஒரே நேரத்தில் 10 பேரை மட்டும் உள்ளே விடும்; எக்ஸ்பி ஹோம் 5 பேரை; விண்டோஸ் 7 என்றால் 20 பேரை. கடை வளர்ந்து பதினோராவது கணினி வந்தபோது, தாமதமாக வருகிறவருக்கு மட்டும் கணக்கு திறக்காது. சீக்கிரம் வந்த நாளில் திறக்கும். இதைப் பேய் வேலை என்று சொல்லாதவர் அபூர்வம்.

இவை எல்லாவற்றிலும் ஒரு நல்ல குணம் இருக்கிறது: கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இரண்டு கணினிக்கும் இடையே உள்ள தகராறு அது. கொஞ்சம் விவரமான கிராணிக்கு ஒருமுறை காட்டிக்கொடுத்தால் அடுத்த முறை அவரே பார்த்துக்கொள்வார்.

டொமைனில் அந்தச் சௌகரியம் கிடையாது. அங்கே கடவுச்சொல் சர்வருக்குப் போய்ச் சேரும் முன் கணினி மூன்று படி ஏறியாக வேண்டும்: சர்வர் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும், தன் கடிகாரம் சர்வரின் கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டும், தான் இந்த அலுவலகத்துக் கணினிதான் என்று நிரூபிக்க வேண்டும். எந்தப் படியில் வழுக்கினாலும் மேசையில் இருப்பவருக்குத் தெரிவது உள்ளே போக முடியவில்லை என்பது மட்டும்.

கடிகாரத்தில் தொடங்குகிறேன், பழைய கணினிகளில் அதுதான் அடிக்கடி மாட்டுகிறது. தாய்ப்பலகையில் ஒரு வெள்ளிக்காசு அளவில் சி.ஆர்.2032 மின்கலம் இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் தேதியையும் மணியையும் காப்பாற்றுவது அது. பினாங்கில் இடிமின்னலுக்குப் பயந்து பல அலுவலகங்கள் சாயங்காலம் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகும். மின்கலம் செத்திருந்தால் மறுநாள் காலையில் கணினி, அது தயாரான வருடத்தில் கண் விழிக்கும். கறுப்புத் திரையில் எஃப்1 அழுத்து என்று எச்சரிக்கை வரும். மேசைக்காரர் அதைக் காலை வணக்கம் போல தினமும் அழுத்திப் பழகியிருப்பார். கேட்டால் "அது எப்பவும் வரும்" என்பார்.

விண்டோஸ் 2000 முதல் டொமைன் உள்நுழைவுக்கு கெர்பரோஸ் என்ற முறை பயன்படுகிறது. எம்.ஐ.டி.யில் 1980களில் அதீனா திட்டத்துக்காக உருவானது. ஒருவருடைய அனுமதிச் சீட்டை வழியில் திருடி இன்னொருவர் பிறகு நீட்டிவிடக்கூடாது என்பதற்காக, சீட்டில் நேரம் குறிக்கிறது அது. இயல்பு அமைப்பில் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏற்காது. சில வருடம் பின்னால் நிற்கும் கணினியின் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே அறையில் அதே கணினி ஒர்க்குரூப்பில் இருந்திருந்தால் பெரும்பாலும் உள்ளே விட்டிருக்கும். பில்லில் தேதி தப்பாக வரும், அவ்வளவுதான்.

இதில் ஒரு நுட்பமான வலை உண்டு. கடிகாரம் திரையில் சரியாகவே காட்டும், ஆனாலும் உள்நுழைவு நடக்காது. காரணம் நேர மண்டலம். கெர்பரோஸ் ஒப்பிடுவது சுவர்க் கடிகார நேரத்தை அல்ல, உலகப் பொது நேரத்தை. மலேசியா அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. விண்டோஸை நிறுவியவர் மண்டலத்தை அமெரிக்காவின் மேற்குக் கரையில் விட்டுவிட்டு, மணியை மட்டும் கையால் நம்மூருக்குத் திருத்திவைத்திருந்தால் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்கு. உள்ளுக்குள் பதினைந்து பதினாறு மணி நேரம் பிசகு. தேதி, மணி, மண்டலம் மூன்றையும் சேர்த்துப் பார்க்காதவர் இங்கே முழு மதியத்தையும் தொலைப்பார். மின்கலத்தின் விலையோ சில ரிங்கிட்.

அடுத்த படி, சர்வரைத் தேடுவது. டொமைனில் உள்ள கணினி டி.என்.எஸ். மூலம்தான் சர்வரின் இருப்பிடத்தைக் கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தது அலுவலகத்தின் சொந்த டி.என்.எஸ். மட்டுமே. செம்புக் கம்பி இணைப்பிலிருந்து ஃபைபருக்கு மாறிய நாட்களில் இது நிறைய நடந்தது. புதிய ரௌட்டர் வந்து மாட்டப்படுகிறது, அதுவும் கணினிகளுக்கு முகவரி பிரித்துக் கொடுக்கத் தொடங்குகிறது, கூடவே வெளி டி.என்.எஸ்.சைக் கொடுக்கிறது. வெளியுலகத்துக்கு உங்கள் மாடி சர்வரைப் பற்றி என்ன தெரியும்? கணினி தேடிக்கொண்டே நிற்கும், வரவேற்புத் திரை நகராது. "இண்டர்நெட் நல்லாத்தானே வருது" என்று முதலாளி சொல்வார். அந்த வாக்கியம்தான் துப்பு. இணையம் பறக்கிறது, உள்நுழைவு மட்டும் நொண்டுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது டி.என்.எஸ். வரி. முகவரி கொடுக்கும் வேலையை ரௌட்டரிடமிருந்து பிடுங்கி சர்வரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒர்க்குரூப் கடைகள் இதே ரௌட்டர் மாற்றத்தை உணரக்கூட இல்லை.

மூன்றாவது படியைப் பற்றித் தொழிலில் ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது. டொமைனில் மனிதனுக்கு மட்டுமல்ல, கணினிக்கும் ஒரு கடவுச்சொல் உண்டு; 30 நாளுக்கு ஒருமுறை கணினி அதைத் தானே மாற்றிக்கொள்ளும். அதனால் ஒரு மாதம் அணைத்துவைத்த கணினியை சர்வர் தள்ளிவைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. மாற்றத்தைத் தொடங்குவது கணினிதான், சர்வர் அல்ல. ஆறு மாதம் கழித்து எழுப்பினாலும் பழையதைச் சொல்லி உள்ளே வந்து பிறகு மாற்றிக்கொள்ளும். உறவு அறுந்துபோவதற்கு உண்மையான காரணங்கள் வேறு: பழைய பிம்பத்திலிருந்து கணினியை மீட்டெடுத்தது, சிஸ்டம் ரிஸ்டோர் செய்தது, அதே பெயரில் இன்னொரு கணினியைச் சேர்த்தது. அப்போது கணினியின் நினைவு ஒன்று, சர்வரின் பதிவு இன்னொன்று.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. வலையமைப்புக் கேபிளைக் கழற்றிவிட்டு உள்நுழைந்து பாருங்கள். சர்வரை எட்ட முடியாதபோது விண்டோஸ், கடைசியாக வந்த பயனர்களின் விவரத்தை வைத்து உள்ளே விடும். இயல்பாக 10 பேர் வரை நினைவில் வைக்கும். கேபிள் இருந்தால் மறுப்பு, கழற்றினால் வரவேற்பு என்றால் கடவுச்சொல் நிரபராதி. பல ஆட்கள் உடனே கணினியை டொமைனிலிருந்து விலக்கி மறுபடி சேர்ப்பார்கள். சேரும், ஆனால் அந்தக் கணினியின் உள்ளூர் நிர்வாகிக் கடவுச்சொல் தெரியாமல் விலக்கியவர் மறுதொடக்கத்துக்குப் பிறகு எந்தப் பெயரில் உள்ளே போவார்? விலக்காமலே உறவைப் புதுப்பிக்க நெட்டோம் கட்டளை இருக்கிறது, பவர்ஷெல்லில் ஒரு வரியும் இருக்கிறது. அவசரப்படுவது ஏன் என்று புரியவில்லை.

பழைய கணினிக்கு உயிரூட்ட எஸ்.எஸ்.டி. மாட்டும்போது வரும் வினோதம் ஒன்று. சில வகை சுவிட்சுகள், கேபிள் உயிர்பெற்ற பிறகு வலையமைப்பில் எங்காவது வளையம் இருக்கிறதா என்று சோதித்து முடிக்க ஏறக்குறைய 30 விநாடி எடுத்துக்கொள்ளும். பழைய ஹார்டு டிஸ்கோடு கணினி கிளம்ப அதைவிட நேரமாகும், யாருக்கும் தெரியாது. புதிய வேகத்தில் கணினி முந்திக்கொள்கிறது. வலையமைப்பு இன்னும் கண் திறக்கவில்லை. உள்நுழைவு நினைவிலிருந்து நடக்கிறது, பகிர்ந்த டிரைவுகள் சிவப்புப் பெருக்கல் குறியோடு நிற்கின்றன. வலையமைப்புக்காகக் காத்திரு என்ற கொள்கை அமைப்பு ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் போதும். கணினியை வேகமாக்கியதற்குத் தண்டனையாகக் காத்திருக்கச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

இரண்டு வகையிலும் உள்ள குறுக்கு வழிகளை ஒப்பிட்டால் ஒர்க்குரூப்பின் குறுக்கு வழி அதிக ஆபத்தானது என்பது என் கணிப்பு. அங்கே யாராவது 'எல்லோருக்கும் முழு உரிமை' என்று கோப்புறையைத் திறந்துவிடுவார்கள். புகார் அன்றோடு நின்றுவிடும். வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்ணும் வங்கி விவரமும் அதே கோப்புறையில்தான் கிடக்கும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல. டொமைனில் அதற்குச் சமமான சோம்பேறித்தனம், கிராணிக்கு நிர்வாகி உரிமை கொடுப்பது. அதுவும் தப்புதான், ஆனால் குறைந்தபட்சம் யாருக்குக் கொடுத்தோம் என்று ஒரே இடத்தில் எழுதியிருக்கும்.

இரண்டு வகையும் ஒரே சுவரில் போய் முட்டும் இடமும் உண்டு: புதிய கணினி வருகிற நாள். எக்ஸ்பிக்குத் தெரிந்த கோப்புப் பகிர்வு மொழி எஸ்.எம்.பி. 1 மட்டும். விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பு வந்தது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை உலகமெங்கும் பரவியது அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. அதே ஆண்டின் இறுதியிலிருந்து விண்டோஸ் 10 பழைய மொழியைப் படிப்படியாகக் கைவிட்டது. ஆகவே புதிய கணினியும் எக்ஸ்பியும் ஒரே மேசையில் இருந்தும் பேசிக்கொள்ளாது. ஒர்க்குரூப் கடையில் இது கோப்புறை திறக்கவில்லை என்று தெரியும். டொமைனில் எக்ஸ்பி, சர்வரின் உள்நுழைவுக் கோப்புகளையே படிக்க முடியாமல் நிற்கும். கூடவே எக்ஸ்பியின் கெர்பரோஸுக்கு ஏ.இ.எஸ். மறையாக்கம் தெரியாது, சர்வரை ஏ.இ.எஸ். மட்டும் என்று இறுக்கினால் அத்தோடு எக்ஸ்பியின் கதை முடிந்தது. ஸ்கேன் செய்து கோப்புறைக்கு அனுப்பும் பழைய போட்டோகாப்பி இயந்திரமும் இதே இனம். பழைய மொழியை மறுபடி இயக்கிவிடு என்பார்கள். நான் செய்யமாட்டேன். ஸ்கேனை மின்னஞ்சலுக்கோ யூ.எஸ்.பி.க்கோ திருப்பிவிடலாம். எக்ஸ்பியைப் பில்லுக்கு மட்டும் வைத்துக்கொண்டு கேபிளைக் கழற்றிவிடலாம்.

ஐந்தாறு பேர் உள்ள கடைக்கு டொமைன் தேவையா? பல வருடம் பார்த்த பிறகு, வேண்டாம் என்றே சொல்வேன். ஒரே சர்வர், அதைப் பார்க்க ஆளில்லை, அது படுத்தால் எல்லோரும் படுத்தார்கள். ஒர்க்குரூப்பில் ஒரு கணினி கெட்டால் ஒரு மேசைதான் காலி.

ஆனால் ஆள் வேலையை விட்டுப் போகும் நாளில் கணக்கு தலைகீழாகிறது. அதுவரை உள்ளே விடவில்லை என்பதே பிரச்சினை. அன்று உள்ளே விடுவதே பிரச்சினை. ஒர்க்குரூப்பில் போனவரின் பெயர் எந்தெந்தக் கணினியில் இருக்கிறது என்று மேசை மேசையாகத் தேட வேண்டும். ஒன்றை மறந்தாலும் அந்தக் கதவு திறந்தே கிடக்கும். டொமைனில் சர்வரில் ஒரு கணக்கை முடக்கினால் போதும். அதிலும் ஒரு விதிவிலக்கு: மேலே சொன்ன நினைவிலிருந்து உள்ளே விடும் வசதி. வீட்டுக்கு எடுத்துப் போன அலுவலக மடிக்கணினி சர்வரைத் தொடர்புகொள்ளாதவரை, கணக்கு முடக்கப்பட்டது அதற்குத் தெரியாது. பழைய கடவுச்சொல்லுக்கே திறந்து, அதில் இருக்கும் கோப்புகளைக் காட்டும். கணக்கை மூடுவதற்கு முன்பே மடிக்கணினியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.